72 கனிமங்கள் அடங்கிய போத்தல்

களுவாஞ்சிக்குடியில் மருந்தாளராகப் பணியாற்றும் நான், கிளினிக் கொப்பியைத் திறப்பதற்கு முன்னர் "வேறு ஏதும் குடிக்கிறீர்களா?" என்று கேட்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். டயலிசிஸ் செய்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அண்மையில் இக்கேள்விக்கு விடையாக, கனடாவிலிருந்து மகள் கொடுத்தனுப்பிய போத்தலொன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். உள்ளே பிளேன்ரீ நிறத்தில் ஒரு திரவம். "இது மருந்தில்ல மகன், மண்ணில இருந்து எடுத்த சத்து" என்றார்.

முன்பக்கத்தில் "72 தாவரக் கனிமங்கள்" என்று பெரிதாக இருந்தது. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டும் சிரமப்பட்டு வாசிக்கவேண்டிய எழுத்தில், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றோடு சீரியம், இலந்தனம், நியோடிமியம், இற்றியம் என்ற பெயர்களும் வந்தன. ஒன்றுக்கேனும் அளவு குறிப்பிடப்படவில்லை. பிந்திய நான்கும் அருமண் மூலகங்கள் எனப்படும் 17 உலோகங்களைச் சேர்ந்தவை. பெயரில்தான் அருமை, சீரியம் புவியோட்டில் ஏறக்குறைய செம்பளவுக்கு உண்டு, நமது புல்மோட்டைக் கனிம மணலிலுள்ள மொனசைற்று என்ற கனிமத்திலும் உண்டு. அதற்காக யாரும் அந்த மணலைக் கரைத்துக் குடிப்பதில்லை. இத்தகைய திரவங்கள் பெரும்பாலும் தொல்தாவரங்கள் படிந்த களிப்பாறையை நீரில் ஊறவைத்து எடுக்கப்படுபவை. நீரோ சத்து எது, நஞ்சு எது என்று பிரித்துக் கரைப்பதில்லை.

இரும்பும் அயடீனும் உடலுக்கு வேண்டியவை. அருமண் மூலகங்களுக்கு மனித உடலில் அறியப்பட்ட தேவை எதுவுமில்லை. வாய்வழி சென்றால் மிகச் சிறு பங்கே குடலில் உறிஞ்சப்படுவதால், குடித்தவுடன் ஆபத்து என்று பயமுறுத்துவது நேர்மையாகாது. ஆயினும் இலந்தன அயன் பருமனில் கல்சிய அயனை ஒத்திருப்பதால், உறிஞ்சப்பட்ட சிறுபங்கு எலும்பிலும், ஈரலிலும் தங்கக்கூடியது.

"இலந்தனம் கிட்னி நோயாளருக்குக் கொடுக்கிற மருந்தாமே?" என்று சேர் மடக்கினார். உண்மைதான். 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இலந்தனம் காபனேற்று, சாப்பாட்டோடு மென்று விழுங்கும் மாத்திரை. உணவிலுள்ள பொசுபேற்றைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அதன் அளவை, குருதியின் பொசுபேற்றைப் பார்த்து டொக்டர் தீர்மானிக்கிறார். போத்தலிலோ எவ்வளவு இருக்கிறதென்பதே தெரியாது. இன்னோர் அருமண் மூலகமான கடோலினியம், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு ஊசிவழி ஏற்றப்படும் மருந்துகளில் சேர்க்கப்படுகிறது. பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாத அம்மருந்துகளிற் சில, சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோலை இறுகச் செய்யும் நோயுடன் தொடர்புபட்டவை என்பது 2006 இல் வெளிவந்தது. ஊசியையும் வாய்வழித் திரவத்தையும் ஒன்றாகக் கொள்ள முடியாதெனினும், ஆளுக்கு ஆள் பாதுகாப்பு மாறும் என்பதற்கு அது சான்று.

உண்மையில் போத்தலின் பின்பக்கப் பட்டியலில் என்னை அதிகம் அச்சுறுத்தியது, அதிலிருந்த அலுமினியம். டயலிசிஸ் நீரில் கலந்த அலுமினியம் நோயாளரின் மூளையையும் எலும்பையும் பாதித்த வரலாறு 1970களிலேயே பதிவானது. சூட்கேசில் வரும் போத்தலை இலங்கையின் 2015 ஆம் ஆண்டின் மருந்து ஒழுங்குபடுத்தல் சட்டமும் எட்டிப்பிடிப்பதில்லை.

சேர் போத்தலை வீச மனமில்லாமல் இருந்தார்; மகள் கவலைப்படுவாளாம். மூடியின்மேல் பிளாஸ்டர் ஒட்டி "குடிக்கவேண்டாம்" என்று எழுதி, மூலகங்களின் பெயர்களைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் டொக்டருக்காகக் குறித்துக் கொடுத்தேன். இரண்டையும் அதே பையில் போட்டுக்கொண்டு போனார்.