புல்க்வெதிஸ்: கர்னலா, கேணலா, தண்டநாயகனா?

லாட்விய ராணுவ அதிகாரிகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் பெயருக்கு முன்னால் அடிக்கடி நிற்கும் சொல் புல்க்வெதிஸ். அகராதி அதைக் ‘கர்னல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். படிநிலை அளவில் அது சரிதான். ஆனால் 1914-க்கும் 1945-க்கும் இடையில் ஒரே அதிகாரி மூன்று, நான்கு கொடிகளின் கீழ் நின்றிருப்பார். தமிழில் பெயர்க்கும்போது எந்த ஆண்டு, எந்தப் படை என்று பார்க்காமல் ‘கர்னல்’ போட்டால் வரலாறு பிசகிவிடும்.

புல்க்ஸ் + வெதிஸ் என்று பிரிக்க வேண்டும். புல்க்ஸ் என்றால் ரெஜிமென்ட், அதாவது படையணி. ஸ்லாவிய மொழியிலிருந்து லாட்வியத்துக்கு வந்தது. ஸ்லாவியத்துக்கு ஜெர்மானிய மொழிகளிலிருந்து போனது. ஆங்கிலத்தில் மக்களைக் குறிக்கும் ‘ஃபோக்’ என்ற சொல்லுக்கும் இதுவே வேர். அதனால்தான் லாட்வியத்தில் புல்க்ஸுக்கு ‘கூட்டம், திரள்’ என்ற பொருளும் இன்றுவரை உண்டு. அதன் சிறுமை வடிவமான புல்ட்சின்ஷ், பள்ளிப் பிள்ளைகளின் நடனக் குழு, கைவினைக் குழு போன்றவற்றின் பெயர். வெதிஸ், ‘அழைத்துச் செல், நடத்து’ என்ற வினையிலிருந்து வந்தது. ஆக, ரெஜிமென்டை நடத்திச் செல்பவர். ரஷ்யரின் ‘பல்கோவ்னிக்’கும் அதே முதல் பாதியைக் கொண்டதுதான்; பின்பாதி மட்டும் லாட்வியரின் சொந்தச் சரக்கு.

வேற்றுமை ஏறினால் ‘தி’ மறைந்து ‘ஷ’ போன்ற ஒலி வரும். ரிகாவில் ‘புல்க்வெஷா பிரியஷா இயலா’ என்றொரு தெரு இருக்கிறது. கர்னல் பிரியதிஸ் தெரு என்று பொருள். பலகையைப் பார்த்து அவர் பெயரைப் ‘பிரியஷா’ என்று எழுதினால் தப்பு. அது ‘பிரியதிஸுடைய’ என்பது. (பிரியதிஸ் என்றால் மான்.)

அந்தப் பிரியதிஸ் ஜார் படையின் பல்கோவ்னிக். லாட்வியத் துப்பாக்கிப் படையில் பெயர் எடுத்தவர். 1918 ஆகஸ்டில் மாஸ்கோவில் போல்ஷ்விக்குகளின் ரகசியப் போலீஸான செக்கா அவரைச் சுட்டுக் கொன்றது. அதே படையில் அதே படிநிலையில் இருந்த யுக்கும்ஸ் வாட்சியதிஸ், மறுமாதமே போல்ஷ்விக்குகளின் செம்படைக்கு முதல் தலைமைத் தளபதி ஆனார். அவரை அப்போது ‘கர்னல்’ என்று எழுதக் கூடாது. 1917 டிசம்பரிலேயே போல்ஷ்விக்குகள் பழைய படிநிலைகள் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார்கள். பல்கோவ்னிக் என்ற சொல் செம்படைக்குத் திரும்பியது 1935-இல்தான். 1938-இல் வாட்சியதிஸும் சுடப்பட்டார்.

லாட்வியக் குடியரசின் படையில் கேப்டனுக்கு அடுத்து நேரே லெப்டினன்ட் கர்னல். நடுவே மேஜர் கிடையாது. 1884-இல் ரஷ்யா மேஜரை நீக்கியதன் மிச்சம் இது. இது தெரியாதவர்கள் அந்தக் கால வாழ்க்கைக் குறிப்புகளில் தாங்களாகவே ஒரு மேஜரைச் செருகிவிடுவார்கள். இன்றைய லாட்வியப் படையில் மேஜர் உண்டு.

1940-இல் சோவியத் ஆக்கிரமிப்பு. லாட்வியப் படையைச் சுருக்கி செம்படையின் 24-ஆவது கோர் (பல டிவிஷன்கள் கொண்ட படைப்பிரிவு) ஆக்கினார்கள். 1941 ஜூன் 14 அன்று லித்தேனே முகாமில், பயிற்சி என்று சொல்லி அதிகாரிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய், ஆயுதத்தைப் பறித்துக் கைது செய்து, சைபீரியாவின் நொரில்ஸ்க் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே புல்க்வெதிஸும் லெப்டினன்டும் ஒன்றே, கைதிகள்.

1943 பிப்ரவரியில் ஹிட்லரின் ஆணைப்படி, நாஜிகளின் எஸ்எஸ் அமைப்பின் கீழ் லாட்விய லெஜியன் என்ற படை உருவானது. பெயரில் ‘தொண்டர்’ என்று இருந்தாலும் பெரும்பாலோர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். யூதர் படுகொலையில் பங்குகொண்ட போலீஸ் பிரிவுகளிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அங்கே கர்னலுக்குச் சமம் ‘ஸ்டாண்டார்டன்ஃபூரர்’. ஜெர்மானியர் என்றால் அதற்கு முன் ‘எஸ்எஸ்’, மற்றவர் என்றால் ‘வாஃபன்’. 33-ஆவது ரெஜிமென்டை நடத்திய விலிஸ் யானும்ஸை (1894–1981) 1944 பற்றிய வாக்கியத்தில் வெறும் ‘கர்னல்’ என்றால் எஸ்எஸ் மறைந்துபோகும். ஜெர்மன் பட்டத்தை மட்டும் போட்டால் அவர் அதற்கு முன் லாட்வியக் குடியரசின் அதிகாரி என்பது மறைந்துபோகும். முதல் முறை இரண்டையும் எழுதுவதே நேர்மை.

இனி தமிழ். ‘கர்னல்’ இத்தாலியரின் ‘கொலொனெல்லோ’விலிருந்து வந்தது, ‘கொலோன்னா’ என்றால் தூண், அணிவரிசை. பிரெஞ்சில் ‘ல’ ஒன்று ‘ர’ ஆகிக் ‘கொரொனெல்’ என்றும் வழங்கியது. ஆங்கிலேயர் எழுத்துக்கு இத்தாலிய வடிவத்தையும் உச்சரிப்புக்கு ‘ர’ வடிவத்தையும் வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் அந்த ‘ர்’ தங்கிக் கர்னல் ஆனது. இலங்கையில் அது உதிர்ந்து கேணல் ஆனது. இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் கலக்காதவரை.

‘தளபதி’ வேண்டாம். அது பொறுப்பு, படிநிலை அல்ல. 1919 மார்ச் 6 அன்று ஐரீதே அருகில், நேசப் பக்கத்து ஜெர்மானியர் எதிரி என்று தவறாக நினைத்துச் சுட்டதில் இறந்த லாட்விய விடுதலைப் போர் வீரர் ஓஸ்கர்ஸ் கல்பாக்ஸ், பொறுப்பால் பட்டாலியன் தளபதி. லாட்வியர் நாவில் என்றும் புல்க்வெதிஸ்.

சொல்லமைப்பில் மிக நெருங்கியது கல்வெட்டுகளில் வரும் ‘தண்டநாயகன்’. தண்டம் என்றால் படை. நாயகன் என்பதன் வடமொழி வேருக்கும் ‘நடத்து’ என்றே பொருள். ஆனால் அந்தப் பட்டம் பெரும்படைத் தலைவருக்கு உரியது. ஒரு ரெஜிமென்டுக்குச் சூட்டினால் தலையைவிடத் தலைப்பாகை பெரிதாகிவிடும். பொருளை விளக்கும் இடத்தில் ‘படையணித் தலைவர்’, பெயருக்கு முன்னால் கர்னல் அல்லது கேணல். லாட்வியர் அன்று ‘புல்க்வெதிஸ்-லெய்ட்னன்ட்ஸ்’ என்று வரிசை மாற்றி எழுதியதைத் தமிழில் ‘லெப்டினன்ட் கர்னல்’ என்றே எழுத வேண்டும். ‘கர்னல் லெப்டினன்ட்’ என்று அப்படியே பெயர்த்தால் வாசகர் இரண்டு ஆட்கள் என்று நினைப்பார்.