வீட்டில் தோட்டா, குழந்தை ரத்தத்தில் ஈயம்

அமெரிக்காவில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று பரிசோதனையில் வந்தால், அந்த வீட்டு வாசலில் ஒருவர் பெட்டியும் கையுமாக வந்து நிற்கலாம். சுவரில் கருவியை வைத்துப் பெயின்டைச் சோதிப்பார். தரையைத் துடைத்துத் தூசி எடுப்பார். என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். டெக்சஸில் பல வருடங்களாக என் பிழைப்பு அதுதான். நம்மவர் வீடு என்றால் என் முதல் கேள்வி குங்குமம், கண்மை, ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள் பற்றியதாக இருக்கும். வெள்ளைக்காரர் வீட்டில் நான் மறக்காமல் கேட்கும் கேள்வி வேறு: "வீட்டில் யாராவது துப்பாக்கி சுடுவீர்களா? தோட்டா ரீலோட் செய்வீர்களா?"

இந்த இரண்டாவது கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2021-இல் போன ஒரு வீடு.

இரண்டு வயதுப் பெண் குழந்தை. வழக்கமான பரிசோதனையில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 11 மைக்ரோகிராம் ஈயம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் தோல் அழுக்கு கலந்து தப்பான கணக்கு காட்டலாம் என்பதால் நரம்பிலிருந்தும் எடுத்துப் பார்த்திருந்தார்கள். அதிலும் 11. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அப்போது வைத்திருந்த எல்லை 5. அந்த வருடம் அக்டோபரில் அதையும் 3.5 ஆகக் குறைத்தார்கள். எல்லைக்குக் கீழே இருந்தால் பாதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. மற்ற குழந்தைகளை விட இந்தக் குழந்தைக்குக் கூடுதலாக எங்கிருந்தோ வருகிறது, தேடு என்று சொல்லும் எண் அது.

வீடு 2004-இல் கட்டியது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978-இலேயே தடை செய்துவிட்டார்கள், ஆகவே அது இல்லை. தண்ணீர் சுத்தம். பீங்கான் பாத்திரங்கள் சரி. பொம்மைகள் சரி. கிளம்பலாம் என்று சலவை அறையைக் கடந்தபோது ஒரு "கரகர" சத்தம். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே டம்ளர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

காபி டம்ளர் இல்லை. அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் சட்டி. உள்ளே உடைத்த மக்காச்சோளக் கட்டைப் பொடி, அதில் புதைந்து சுழலும் நூற்றுக்கணக்கான பித்தளைக் கூடுகள். புதிதாக வாங்கும்போது தவிட்டு நிறத்தில் இருக்கும் அந்தப் பொடி சாம்பல் நிறமாகிப் போயிருந்தது. பக்கத்தில் வாஷிங் மெஷின் மேல் ஒரு சல்லடைப் பாத்திரம், பாஸ்டா வடிப்பார்களே, அதே மாதிரி. அதே மாதிரி என்ன, அதேதான். அடுக்களையில் புதிது வாங்கியதும் பழையதை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த பிரைமர் என்ற சின்னக் குப்பி, உள்ளே எரிமருந்தான பவுடர், முனையில் குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், பவுடர் எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அதைப் பொறுக்கி வந்து, பழைய பிரைமரைத் தள்ளி எடுத்து, சுத்தம் செய்து, மீண்டும் நிரப்பிக்கொள்வதுதான் ரீலோடிங். காசு மிச்சம், தவிர தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி துல்லியமாகச் செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு உரிமம் வேண்டியதில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். 2020, 21-இல் கடைகளில் தோட்டா கிடைக்காமல் போனபோது புதியவர்கள் நிறையப் பேர் இதில் இறங்கினார்கள். அந்தக் குழந்தையின் அப்பாவும் அப்படித்தான். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஊரில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைச் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நம் ஊரில் ஈயச்சொம்பில் ரசம் வைத்த தலைமுறை உண்டு. அந்த ஈயம் வேறு, அது வெள்ளீயம். இங்கே நான் பேசுவது காரீயம். குண்டில் காரீயம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பிரைமரில் இருப்பதுதான் பலருக்குத் தெரியாது. அடி பட்டவுடன் தீப்பொறி விடும் அந்த மருந்தில் பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ரசாயனம் இருக்கும். அந்த ரசாயனத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஈயம். சுட்டபின் அது மாவு போன்ற கரியாகக் கூட்டின் உட்புறத்திலும் பிரைமர் குழியிலும் ஒட்டிக்கொள்ளும். டம்ளர் அதைச் சுரண்டிச் சோளப்பொடியில் கலந்துவிடும். பிறகு பொடியையும் கூட்டையும் பிரிக்கச் சல்லடையில் கொட்டிக் குலுக்குவார்கள். அந்த அரை நிமிடத்தில் கிளம்பும் தூசிதான் என் எதிரி. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். இந்த விளையாட்டில் பித்தளை பளபளவென்று இளிக்கும்போதுதான் ஈயம் காற்றில் ஏறிக்கொள்கிறது.

தரைத் தூசி எடுக்க ஒரு சதுர அடிச் சட்டத்தைத் தரையில் ஒட்டி, ஈரத்துணியால் பாம்பு நெளிவது போல் துடைத்து, துணியைக் குழாயில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அப்போது தரைக்கு எல்லை சதுர அடிக்கு 10 மைக்ரோகிராம். இப்போது 5. சலவை அறையில் எல்லையைப் போலப் பல மடங்கு இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தது. என்னை உட்கார வைத்தது நடைபாதைக் கம்பளமும் குழந்தையின் கட்டில் ஓரமும்தான். அங்கேயும் எல்லை தாண்டியிருந்தது. அப்பாவின் காலுறை, துணிக்கூடை, அந்த அறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே போய்வரும் நாய் என்று வழி எத்தனையோ. குழந்தை தரையில் தவழும், கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு பங்கைக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அப்பாவையும் பரிசோதிக்கச் சொன்னேன். 19. அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை, எரிச்சல் வருகிறது என்று மனைவிதான் சொன்னார். அது ஈயமா, வேலை அலுப்பா என்று நான் எப்படிச் சொல்வது?

அந்த அளவுக்கு மருந்து கிடையாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தைப் பொதுவாக 45-ஐத் தொட்டால்தான் யோசிப்பார்கள். அதற்குக் கீழே வைத்தியம் என்பது மூலத்தை நிறுத்துவதுதான். ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் போய்ப் படிந்தது பத்து, இருபது வருடம் உட்கார்ந்திருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது அதுவும் சேர்ந்து வெளியே வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நான் இன்னும் கறாராகப் பேசுவேன்.

டம்ளரும் மேசையும் முதலில் சலவை அறையிலிருந்து கராஜுக்குப் போயின. உலர்ந்த பொடிக்குப் பதில் ஈர முறை: தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய எஃகு ஊசிகள். தூசியே கிளம்பாது. அந்தக் கறுப்புத் தண்ணீரைப் புல்தரையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுக்கச் சொன்னேன். கம்பளத்தைப் பிடுங்கச் சொன்னேன், மனசு வரவில்லை, ஆனாலும் செய்தார்கள். கராஜில் விளக்குமாறு, காற்று ஊதும் பம்பு இரண்டுக்கும் தடை, ஈரத்துணி மட்டும். சாதாரண வாக்குவம் கிளீனர் முன்னால் உறிஞ்சி நுண்தூசியைப் பின்னால் ஊதிவிடும், ஹெப்பா வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். சிந்திய பவுடரையும் உருண்டு போன பிரைமரையும் எந்த வாக்குவத்திலும் உறிஞ்சக் கூடாது. மோட்டாரின் பொறியும் உள்ளே படும் அடியும் போதும், வெடித்துவிடும். ஈயமில்லாத பிரைமரும் விற்கிறார்கள். ஆனால் மைதானத்தில் பொறுக்கிய பிறர் கூடுகளில் அந்த உத்தரவாதம் இல்லை.

போன வருடம் ஒரு தமிழ்ப் பையன் போனில், "அண்ணா, நான் கையுறை போட்டுத்தான் பண்றேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். கையுறையோடு போனை எடுத்தாயா என்று கேட்டேன். சிரித்தான். அந்தப் போன்தான் பிறகு சாப்பாட்டு மேசையில் இருக்கும், மகன் கையில் கார்ட்டூன் ஓடும். உலோக ஈயம் நல்ல தோல் வழியாகப் பெரிதாக உள்ளே போகாது, அது கையிலிருந்து வாய்க்குத்தான் போகிறது. மேசையில் காபி, சிகரெட், நகம் கடிப்பது எதுவும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஈயத்தை எடுக்கவென்றே வரும் துடைப்பான் இருந்தால் இன்னும் நல்லது. கிருமிநாசினி ஜெல் ஈயத்தை ஒன்றும் செய்யாது, கை முழுக்கப் பரப்பிவிடும், அவ்வளவுதான். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். அப்புறம் அவனுக்கு இன்னொன்றும் சொன்னேன்: சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதே. ஈயத் தூசி ஒரு பக்கம், மடிப்பில் ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தால் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கு.

திரும்பவும் அந்த அப்பா. அவர் அஜாக்கிரதையான ஆள் இல்லை. பவுடர் டப்பாக்களைக் குழந்தைக்கு எட்டாமல் கனமான இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தார். எனக்கு அதைப் பெருமையாகக் காட்டினார். அவருடைய பயமெல்லாம் அங்கேதான் இருந்தது, அந்தப் பயம்தான் தப்பான இடத்தில் கொண்டுவிட்டது. புகையில்லாப் பவுடர் திறந்தவெளியில் பற்றினால் குபுகுபுவென்று எரியும். இறுக்கமாக அடைத்த இரும்புக்குள் பற்றினால் அழுத்தம் போக வழியில்லை, பெட்டகமே வெடிகுண்டாகிவிடும். பவுடர் வரும் அசல் டப்பா சீக்கிரம் பிளந்து வழிவிடும்படி செய்யப்பட்டது, அதனால்தான் வேறு டப்பாவில் மாற்றக் கூடாது என்கிறார்கள். தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதிப்படி வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவில் வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி. பிரைமர் 10,000-க்கு மேல் கூடாது. உங்கள் நகரத்தின் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், தீயணைப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்காகப் பூட்டுத் தேவைதான், பூட்டு போட்ட மர அலமாரி போதும்.

பிரைமரை அது வரும் தட்டிலேயே விடுங்கள். ஒவ்வொன்றும் தனிக் குழியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜாம் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினால் ஒன்று வெடித்து மொத்தமும் வெடிக்கும், கண்ணாடிச் சில்லும் சேர்ந்து பறக்கும். மேசையில் உட்காரும்போது பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உட்காரவே வேண்டாம்.

துப்பாக்கியே வெடிக்கும் விபத்துகளைப் பற்றி நான் கேள்விப்பட்டதில் பாதி, போன் அடித்தது, யாரோ கூப்பிட்டார்கள் என்றுதான் தொடங்குகின்றன. கைத்துப்பாக்கிப் பவுடர் பலவும் கூட்டில் பாதி கூட நிறையாது. எழுந்து போய்த் திரும்பி வந்து, போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை போட்டால் இரண்டும் உள்ளே அடங்கிவிடும், வெளியே தெரியாது. இரண்டு மடங்கு பவுடரோடு சுட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனுபவஸ்தர்கள் கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, குண்டு பதிக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பார்கள். இரட்டிப்பானால் வழிந்துவிடும்படி இடத்தை அடைக்கும் பவுடரைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. மேசையில் ஒரே சமயத்தில் ஒரே பவுடர் டப்பா. அளப்பானில் மிஞ்சிக் கிடப்பது எது என்று நினைவில்லையா, தூக்கிப் போடுங்கள். அளவுக்குத் தயாரிப்பாளரின் கையேடு மட்டும், அதிலும் குறைந்த அளவில் தொடங்க வேண்டும், நண்பர் வாட்ஸப்பில் அனுப்பியது வேண்டாம்.

பவுடரே போடாமல் விட்டால் இன்னொரு வம்பு. பிரைமர் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் சிக்கவைத்துவிடும். சத்தம் வழக்கம்போல் இருக்காது, "புஸ்" என்று போகும். அந்தச் சத்தம் கேட்டால் அடுத்ததைச் சுடாமல் நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து குழலைப் பாருங்கள். அடைப்பின் மேல் இன்னொரு குண்டு போனால் குழல் பிளக்கும்.

குண்டைச் சொந்தமாக வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நீராவியாகி ஈயத்தை மேலே அள்ளித் தெறிக்கும் என்பது மட்டும் இங்கே போதும். குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து.

நான்கு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடியும் தூசி எடுக்கப் போனேன். நடைபாதையில் கம்பளம் போய் வழுவழுவென்று பலகைத் தரை. கராஜில் மேசைக்கு மேலே அந்தச் சல்லடை, ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஆணியில் மாட்டியிருந்தது, தப்பித் தவறி அடுக்களைக்குப் போய்விடக் கூடாது என்று. தரை தேறிவிட்டது. அப்பாவுக்கு 8. குழந்தைக்கு 5. அடுத்த பரிசோதனை மூன்று மாதத்தில்.