தாய்மாமன்களைப் பற்றி யாராவது கேட்டீர்களா?

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஐந்து மாத ஆண் குழந்தையைத் தூக்கிவந்தார்கள். மூன்றாவது தடவையாக நிமோனியா. வாய் முழுக்க வெள்ளைப் படலம். பிறந்ததும் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) ஊசியின் இடம் இன்னும் ஆறாத புண், இடது அக்குளில் எலுமிச்சை அளவு கட்டி. "எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கு டாக்டரம்மா, நல்ல டானிக்கா எழுதுங்க" என்றார் அப்பா.

பையில் இரண்டு மாதத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. வெள்ளணுக்கள் 6,000, அதில் லிம்போசைட் 15 சதவீதம். அதாவது 900. இந்த வயதில் 3,000க்குக் கீழே போனாலே பதற வேண்டும். யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. சக மருத்துவர்களே, சீட்டில் அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கான அளவு, அதை நம்பாதீர்கள்!

அம்மாவிடம் கூடப் பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். "தம்பிங்க ரெண்டு பேரு. கைக்குழந்தையிலயே சீர் தட்டிப் போயிட்டாங்க." பக்கத்தில் மாமியார், "இவ ராசி அப்படி" என்றார்.

ராசி இல்லை அம்மா, பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி கடுமையாகக் குறைந்துபோகும் 'ஸ்கிட்' (SCID) நோயாக இருக்கலாம். எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் சைகை அனுப்பிப் பேசுகின்றன. அவற்றில் ஆறு சைகைகளைக் கேட்க ஒரே பொதுப் புரதம்தான் உதவுகிறது. அதற்கான மரபணுவை 1992ல் குளோனிங் முறையில் பிரித்தெடுத்தார்கள். 1993ல் அதன் இடம் எக்ஸ் குரோமோசோமில் என்று தெரிந்தது. ஆண் பிள்ளைகளைப் பறிக்கும் இந்த நோய்க்குக் குடும்ப ஆய்வுகள் முன்பே குறித்துவைத்திருந்த அதே பகுதி. படகுக்காரரான அப்பாவிடம் சொன்னேன்: வயர்லெஸ் செட் பழுதான படகில் எவ்வளவு டீசல் ஊற்றினாலும் கரையிலிருந்து கூப்பிடுவது கேட்காது. டானிக் அந்த டீசல்தான்.

தாய்க்கு இரண்டு எக்ஸ், ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். மகனுக்கு இருப்பது ஒன்றுதான், அதில் பழுது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் அவள் செய்த தப்பு என்ன? தயவுசெய்து அந்தப் பெண்ணைப் பழிக்காதீர்கள். சொந்தத்தில் மணமுடித்தவர்கள் கவனிக்க: இதே சைகையை அணுவுக்குள் கடத்தும் இன்னொரு மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரும் அதன் இரண்டு பிரதிகளும் பழுதானால் பெண் குழந்தைக்கும் இதே மாதிரி நோய்தான்.

சரி, பிசிஜி போட்ட இடம் கொஞ்சம் சீழ் வைத்து ஆறுவது இயல்பு. அதைப் பார்த்துத் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். ஆனால் குடும்பத்தில் ஆண் குழந்தைகள் இப்படி இறந்திருந்தால், பிசிஜிக்கும் போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளுக்கும் முன்னால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; இவற்றில் வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். தொற்று பிடிக்குமுன் எலும்பு மஜ்ஜை மாற்றினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். என்னிடம் இப்படி வந்த மூன்று குழந்தைகளும் தாமதமாகவே வந்தார்கள்.

அந்தப் பெண்ணின் தங்கைக்கு இப்போது நான்காவது மாதம். குழந்தையின் மரபணுச் சோதனை முடிவு வந்ததும் அவளுக்கும் பார்க்கப்போகிறோம். பிரசவத்துக்கு முன்பே தெரிந்துவிட்டால் பிறந்த அன்று பிசிஜியை நிறுத்திவைக்கலாம்.