ஒரு துளியா, ஒரு மில்லியா?

"மூணு மாசத்துக்கு வரும்னாங்க, மூணே நாள்ல முடிஞ்சிருச்சு மிஸ்" என்று காலிப் பாட்டிலை நீட்டினார் ஓர் இளம் அப்பா. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எஞ்சினியர். பினாங்கில் நான் மருந்தாளராக இருக்கும் கடைக்கு அடிக்கடி வருபவர். எனக்குத் திக்கென்றது.

அது பிள்ளைக்குக் கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்து. மூத்த பிள்ளைக்கு வாங்கியதில் ஒரு மில்லிக்கு 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் அனைத்துலக அலகு) இருந்தது. இந்தப் புதிய பாட்டிலிலோ ஒரே துளியில் 400. வீட்டில் இருந்த பழைய ஊசியில்லா சிரிஞ்சால் ஒரு மில்லி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது ஒரு துளி போக வேண்டிய இடத்தில் பல துளிகள், ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ஐ.யு.வுக்கும் மேல். உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். வைட்டமின் டி மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். நல்லவேளை ஏறவில்லை, பிள்ளை தப்பித்தது.

நன்றாகப் படித்தவர், லேபிளையும் படித்தவர். மருந்து வாங்கிய அன்று "புரிஞ்சதா?" என்று கேட்டேன், தலையாட்டினார், அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வியே தவறு என்று இப்போது நினைக்கிறேன். புரியவில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் பாட்டிலைக் கையில் கொடுத்து, "வீட்ல எப்படிக் கொடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்கிறேன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டி மிகச் சரியாக ஒரு துளி விட்டுக் காட்டினார். லேபிளில் இருந்த மலாயும் ஆங்கிலமும் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

அதே பாட்டிதான் கேட்டார்: "நம்ம ஊர்ல இல்லாத வெயிலா கண்ணு? இது எதுக்கு?" நியாயமான கேள்வி. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையை நேர் வெயிலில் காட்டக் கூடாது. இளங்காலை வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் குறைவு, நம் கறுத்த தோலுக்கு அது இன்னும் அதிகம் வேண்டும். தாய்ப்பாலிலும் இந்தச் சத்து மிகக் கொஞ்சம்தான். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008இல், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்த சில நாளிலிருந்தே தினம் 400 ஐ.யு. என்றது. சில பாட்டில்களில் இதே அளவை 10 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பால்மாவு அதிகம் குடிக்கும் பிள்ளைக்கு அதிலேயே கொஞ்சம் சேர்ந்துவிடும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், காலையில் அம்மா, மத்தியானம் பாட்டி, இடையில் பிள்ளை பார்க்கும் ஆன்ட்டி. யார் கொடுத்தார்கள் என்று தெரியாமல் இரண்டு முறை போய்விடும், அல்லது ஒருவருமே கொடுத்திருக்கமாட்டார்கள். சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில், கொடுத்தவர் ஒரு கோடு போட்டால் போதும். ஒரு பாட்டிலோடு வந்த சொட்டுக்குழாயை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். சமையலறைக் கரண்டி வேண்டவே வேண்டாம்.

அளவு கூடிப்போனதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி, மலச்சிக்கல், பால் மறுப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாட்டிலையும் அளந்த சிரிஞ்சையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தேசிய நச்சு மையம் நம் மிண்டன் யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழக) வளாகத்திலேயே இருக்கிறது, போனில் கேட்கலாம்.