பாயிண்டிங்: செங்கல் சந்துக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது?

பழைய அரசுக் கட்டடங்களைச் சீரமைக்கும்போது அடிக்கடி காதில் விழும் சொல் 'ரீபாயிண்டிங்'. பொறியாளர் அதைத்தான் சொல்வார். மேஸ்திரியும் 'பாயிண்டிங்' என்றுதான் சொல்வார். ஆனால் அதே வேலை செய்தியில் வரும்போது பெரும்பாலும் 'பூச்சு வேலை' ஆகிவிடுகிறது. பூச்சு வேறு, பாயிண்டிங் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் சுவருக்கே கேடு வரலாம் என்பதால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். செங்கல் சுவரில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே சாந்து இருக்கிறது. சுவருக்கு மேல்பூச்சு இல்லாமல் செங்கல் வெளியே தெரியும்படி விட்டால், அந்தச் சாந்தின் வெளி ஓரம் நேரடியாக மழையிலும் வெயிலிலும் நிற்கும். அந்த ஓரத்தை நல்ல சாந்தால் நிரப்பி அழுத்தி முடிப்பதுதான் பாயிண்டிங். பல பத்தாண்டுகள் கழித்து அது உதிர்ந்து போனால், உதிர்ந்ததையும் தளர்ந்ததையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து திணிப்பது ரீபாயிண்டிங். மேல்பூச்சு பூசிய வீடுகளில் இந்த வேலைக்கு இடமே இல்லை. நம்மில் பலருக்கு இந்தச் சொல் பழக்கமில்லாமல் போனதற்கு அதுவே காரணம். சென்னை உயர் நீதிமன்றம், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா பொது அரங்கம் போன்ற செந்நிறக் கட்டடங்களில்தான் இதன் அருமை தெரியும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'குத்து' என்று பொருள்படும் 'புங்கெரே' என்ற வினையிலிருந்து 'புங்க்தும்', அதாவது குத்திய இடம், புள்ளி, பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பாயிண்ட்' ஆனது. கூர்முனை, புள்ளி, சுட்டுதல் என்று பல பொருள்கள் அதில் கிளைத்தன. கொத்தனார் வேலைக்கு அது எப்படி வந்தது? சந்தில் சாந்தைத் திணித்துக் கரண்டியின் கூர்முனையால் நீவி முடிப்பதால் வந்தது என்பது அகராதிகள் தரும் விளக்கம். இடைக்கால ஆங்கிலத்திலேயே இந்தப் பொருள் வழக்கில் இருந்தது.

ஆக, ஆங்கிலம் இந்த வேலைக்குக் கருவியின் முனையை வைத்துப் பெயரிட்டது. எல்லா மொழிகளும் அப்படிச் செய்யவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'ரெழ்வந்துவமான்' என்ற சொல்லுக்குள் இருப்பது 'ழ்வேன்', அதாவது சந்து. ஜெர்மானியரின் 'ஃபெர்ஃபூகுங்' என்ற சொல்லிலும் 'ஃபூகெ' என்பது சந்துதான். இந்தியில் 'டீப்', 'டீப்காரி' என்பார்கள். இவற்றையெல்லாம் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. 'பாயிண்ட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு முனை, புள்ளி, சுட்டு என்று தமிழில் தேடினால் வேலை நடக்காது. 'மறுசுட்டல்' என்று எழுதினால் எந்தக் கொத்தனாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை. செங்கல் சூளைதான் நினைவுக்கு வரும்.

சரி, தமிழில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. செங்கல் கட்டுமானம் நமக்குப் புதிதில்லை. செங்கல்லுக்கு 'இட்டிகை' என்ற பெயர் சங்க காலத்திலேயே வழங்கியது. 'இட்டிகை நெடுஞ்சுவர்' என்று அகநானூற்றில் வருகிறது. அந்தப் பாட்டு காட்டுவதும் பாழடைந்த ஒரு கட்டடத்தைத்தான். விட்டம் விழுந்து, புறாக்கள் விட்டுப்போன மாடம் அது. இட்டிகை வடசொல் 'இஷ்டகா'வோடு உறவுடையது. 'சுடுமண்' என்றும் செங்கல்லைச் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லை ஒட்டவைக்கும் பொருளுக்குச் சாந்து, காரை, சுதை என்று மூன்று பெயர்கள். இவற்றில் சாந்து பழைய பாட்டுகளில் மார்பில் பூசும் சந்தனக் குழம்பு. பிறகு குழைத்துப் பூசும் எதற்கும் ஆகி, சுவரின் கலவைக்கும் வந்தது. காரை இன்றும் உயிரோடு இருக்கும் சொல். கூரையிலிருந்து 'காரை பெயர்ந்து விழுந்தது' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். கான்கிரீட்டுக்குக் 'கற்காரை' என்று பெயர் வைத்தவர்கள் இந்தச் சொல்லைத்தான் எடுத்தாண்டார்கள். சுதை பெரும்பாலும் கோபுரப் பொம்மைகளோடு நின்றுவிட்டது.

இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள இடத்துக்கு 'சந்து' என்பதே சரியான சொல். உடலின் மூட்டும் சந்து, தெருவின் இடுக்கும் சந்து, 'சந்து பொந்தெல்லாம் தேடினேன்' என்னும்போது வருவதும் அதே சந்து. பிணங்கியவர்களைச் சேர்த்துவைப்பதையும் பழந்தமிழில் 'சந்து செய்தல்' என்றார்கள். பிரிக்கும் இடமும் சேர்க்கும் இடமும் ஒன்றாக இருப்பதைச் சொல்ல இதைவிட நல்ல சொல் கிடைக்காது. 'மூட்டு' என்று எழுதலாம்தான், ஆனால் படிப்பவருக்கு முழங்கால் நினைவு வரும். 'இணைப்பு' மிகப் பொதுவானது; மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் அதில் அடங்கும். சந்துக்கு ஒரே ஒரு தொல்லை உண்டு. 'சந்தைச் சுரண்டு' என்று இரண்டாம் வேற்றுமையில் எழுதினால் வாரச் சந்தை குறுக்கே வரும். 'சந்துகளை' என்று பன்மையில் எழுதிவிட்டால் அது தீர்ந்தது.

இப்போது 'சந்துப் பூச்சு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. பாதி சரி. ஆனால் அந்தப் 'பூச்சு' எனக்கு உறுத்துகிறது. பூசுவது மேலோட்டமான வேலை. திருநீறு பூசுகிறோம், வண்ணம் பூசுகிறோம். பாயிண்டிங்கில் மேலே தெரிவது கடைசிக் கட்டம் மட்டுமே. முக்கால்வாசி உழைப்பு சந்துக்குள்ளே நடக்கிறது. சந்தின் அகலம் 10 மில்லிமீட்டர் என்றால் பழைய சாந்தை 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்காவது எடுக்க வேண்டும். அதைச் சின்ன உளியும் சுத்தியலும் கொண்டு கையால் செய்ய வேண்டும். மின் அரவை எந்திரத்தை விட்டால் செங்கல்லின் ஓரம் வெட்டுப்பட்டுச் சந்து அகலமாகிவிடும், பிறகு அந்தச் சுவரின் முகமே மாறிவிடும். தூசியை ஊதித் துடைத்து, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, அப்புறம்தான் புதுச் சாந்து. அதையும் ஒரே திணிப்பில் அடைக்கக் கூடாது. அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கும் சற்று இறுகியபின் அடுத்ததை வைத்து அழுத்த வேண்டும். முடிக்கும்போது சாந்து செங்கல்லின் முகத்தைத் தாண்டி வழியக் கூடாது. இத்தனையையும் செய்யாமல் மேலே ஒரு விரல் கனத்துக்கு இழுத்துவிட்டால் பார்வைக்குப் புதுச் சுவர்போல இருக்கும், சில மழைக்காலங்களில் பட்டை பட்டையாக உரிந்துவிடும். 'பூச்சு' என்ற சொல் இந்த அரைகுறை வேலைக்குத்தான் இடம் கொடுக்கிறது.

எந்தச் சாந்து என்பது அதைவிடப் பெரிய கேள்வி. உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது 1892இல். இந்தியாவின் முதல் சிமெண்ட் ஆலை அமைந்ததே 1904இல், அதுவும் இதே சென்னையில். ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824இல் காப்புரிமை பெற்றிருந்தாலும், 19ஆம் நூற்றாண்டுச் சென்னையின் செங்கல் சுவர்களைக் கட்டியது சுண்ணாம்புதான். சுட்டு, நீற்றி, மணலோடும் செங்கல் தூளோடும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு. 'சுண்ணம்' என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் 'சுனாம்' என்று தங்கள் மொழிக்கே எடுத்துப் போகும் அளவுக்கு சென்னைச் சுண்ணாம்பு வேலைக்குப் பேர் இருந்தது.

சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாக இறுகும். இறுகிய பிறகும் செங்கல்லைவிட மென்மையாகவே இருக்கும். சுவர் வெயிலில் விரியும்போதும் இரவில் சுருங்கும்போதும் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சுவருக்குள் போன ஈரம் சந்து வழியாகவே வெளியேறி உலரும். தேய வேண்டியது சந்து, நிலைக்க வேண்டியது செங்கல் என்பதே அந்தக் கட்டுமானத்தின் கணக்கு. சாந்து உதிர்வதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அது தன் வேலையைச் செய்திருக்கிறது, மாற்ற வேண்டிய காலம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சந்தில் சிமெண்ட் கலவையை வைத்து அடைத்தால் கணக்கு தலைகீழாகிறது. சிமெண்ட் அந்தக் காலத்துச் செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் விடாது. சந்து வழியே போக முடியாத ஓதம் செங்கல் வழியே வெளியேறும். கூடவே கரைந்து வரும் உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னாலேயே படிகமாகி, முகத்தை உடைத்துத் தள்ளும். முதலில் வெள்ளையாக உப்புப் பூக்கும், பிறகு செங்கல் பொரிந்து தூளாகக் கொட்டும், கடைசியில் சிமெண்ட் கோடுகள் மட்டும் வலைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். கடற்காற்று அடிக்கும் சென்னையில் இது இன்னும் வேகமாக நடக்கும். உதிர்ந்த சாந்தை மாற்றிவிடலாம். நூறு வருடத்துச் செங்கல்லின் முகம் போனால் போனதுதான். பழைய சுவர்களுக்குச் சிமெண்ட் பாயிண்டிங் எழுதித் தரும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் யாராவது தடுத்து நிறுத்த வேண்டும் என்றே நினைக்கிறேன்.

சுண்ணாம்புக்குத் திரும்புவது முடியாத காரியமும் இல்லை. 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012இல் தீயில் சேதமானது. அதைப் பொதுப்பணித்துறை மீட்டபோது சுண்ணாம்புச் சாந்தும் கடுக்காய், வெல்லம் ஊறிய நீரும் மறுபடி வேலைத்தளத்துக்கு வந்தன. நேரம் அதிகம் எடுக்கும், கடும் வெயிலில் ஈரச் சாக்குப் போட்டு நாள்கணக்கில் காக்க வேண்டும். ஆனால் வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன.

சொல்லுக்கு வருவோம். பாயிண்டிங்குக்கு நான் பரிந்துரைப்பது 'சந்தடைப்பு'. வினையாக்கினால் 'சந்தடைத்தல்'. உள்ளே அடைப்பது என்ற செயல் அதில் வந்துவிடுகிறது. 'சந்தடைக்கணும்' என்று கொத்தனாரிடம் வாய்விட்டுச் சொன்னாலும் புரியும்.

ரீபாயிண்டிங்குக்கு 'மறுசந்தடைப்பு' என்று முன்னொட்டுப் போடலாம், ஆனால் அது நாக்கில் உட்காரவில்லை. அதற்கு நம்மிடம் வேறொரு அழகான வினை இருக்கிறது: புதுக்குதல். பழுதானதைப் பழையபடி ஆக்குவது. கோயிலைப் பழுதுபார்க்கவென்றே விடப்பட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்று பெயர். விளக்கெரிக்க நிலம் விட்டதுபோலவே, கட்டடம் பழுதாகும் என்பதை முன்பே எண்ணி அதற்கும் நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வினையைச் சேர்த்துச் 'சந்து புதுக்குதல்' என்றால் ரீபாயிண்டிங்குக்கு முழுப் பொருத்தம். 'சீரமைத்தல்', 'புனரமைத்தல்' எல்லாம் கட்டடம் முழுவதற்குமான பொதுச் சொற்கள், இந்த ஒரு வேலையைத் தனியாகச் சுட்டாது.

ஓர் அறிவிப்பில் இப்படி எழுதலாம்: 'வெளிச்சுவரில் தளர்ந்த சந்துகளை 25 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, சுண்ணாம்புச் சாந்தால் சந்து புதுக்கும் பணி.' இதைப் படிக்கும் ஒப்பந்தக்காரர், மேற்பார்வையாளர், பக்கத்தில் கடை வைத்திருப்பவர் என யாருக்கும் என்ன நடக்கப்போகிறது என்பது விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'டக் பாயிண்டிங்' என்று வந்தால், எழுதியவர் எந்த நாட்டவர் என்று பாருங்கள். அமெரிக்காவில் பல நேரம் சாதாரணச் சந்து புதுக்கலையே அப்படிச் சொல்கிறார்கள். பிரிட்டனில் அது 18ஆம் நூற்றாண்டில் பரவிய ஓர் அலங்கார முறை. சந்துகளைச் செங்கல் நிறச் சாந்தால் அடைத்து, அதன் மேல் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இழுத்து, மிக நேர்த்தியான கட்டு என்று தோன்றச் செய்வார்கள். அந்த இரண்டாவது பொருளில் வந்தால் 'வெண்கோட்டுச் சந்தடைப்பு' என்று எழுதலாம்.