மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்?

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். மாத்திரையைக் கையில் கொடுத்ததும் "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதோடு விழுங்க வேண்டும் என்று கேட்பவர் குறைவு. எங்கள் பக்கம் காலை மாத்திரை பெரும்பாலும் டீயோடு உள்ளே போகிறது. இல்லாவிட்டால் "மாத்திரை சூடு" என்று பாலோடு.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஓர் அக்கா தைராய்டு மாத்திரை வாங்க வருவார். ஒவ்வொரு சீட்டிலும் மைக்ரோகிராம் அளவு கூடிக்கொண்டே போனதால் கேட்டேன்.

"மாத்திரைய எப்பக்கா போடுறீங்க?"

"வெறும் வயித்துலதான் பாப்பா. விடிகாலைல ஏலத்துக்குப் போவறப்ப ஒரு டீய வாங்கி, அதுல போட்டுக்குவேன்."

"டீ குடிச்சா வெறும் வயிறு இல்லையேக்கா."

"டீ இன்னா சாப்பாடா?"

டாக்டர் சொன்னதை அவர் அப்படியே கேட்டிருக்கிறார். டீ மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வரவில்லை. அவருடைய தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சின் மிக நுணுக்கமான அளவில் வேலை செய்யும் மருந்து. பாலும் காபியும் அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு) இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டுவார். வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீ, காபி, டிபன் எதுவும் தொடாமல் இருக்க வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். விடிகாலையில் அப்படிக் காத்திருக்க முடியாத வேலை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடும் வழியும் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இத்தனை நாள் டீயோடு போட்டுக் கூட்டிய அளவு, தண்ணீரோடு போட ஆரம்பித்ததும் அதிகமாகிவிடலாம். பழக்கத்தை மாற்றியதையும் டாக்டரிடம் சொல்லி, 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு நகர்ப்புற சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீ ஆகாது. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கூடவே தரும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரமாவது விடுங்கள். எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ இரும்புக்குத் துணை செய்யும்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் பயம் வந்துவிடும். அதற்கான கிருமிக்கொல்லி மருந்து டாக்ஸிசைக்ளினுக்குச் சீட்டு நிறைய வரும். பாலின் கால்சியம் இந்த மருந்தோடு ஒட்டிக்கொள்வதால், ஒரு பங்கு ரத்தத்துக்குப் போகாமல் வெளியே போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லிக்கும் இதே கதைதான். தயிர், மோரும் அதில் சேரும். வயிறு எரிகிறது என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். பால் 2 மணி நேரம் கழித்து இருக்கட்டும். டாக்ஸிசைக்ளினைப் போட்டதும் படுக்காதீர்கள்; தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும்.

வாட்ஸாப்பில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தில்தான் தொடங்குகின்றன. அது சில கொழுப்பு, பிபி மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பது உண்மை. நம் ஊர் பம்ப்ளிமாஸிலும் அந்த வகைப் பொருள் உண்டு. ஆனால் எங்கள் தெருக்களில் அதைவிட அவசரமாகப் பேச வேண்டியது மீன்.

டிபி மாத்திரையில் ஐசோநியசிட் என்று ஒரு மருந்து இருக்கிறது. மீனில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற பொருளை நம் உடம்பு சிதைக்கும் வேலையை அது தடுக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் பெருகும். குழம்பு கொதித்தாலும், வறுத்தாலும் அது அழியாது. சாதாரணமாக மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட டிபி மாத்திரை போடுபவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கச் செய்யும். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே ஆரம்பிக்கலாம்.

ஒரு தம்பி இப்படித்தான் வந்து நின்றார். கண்கூட சிவந்திருந்தது. "மாத்திரை ஒத்துக்கல மேடம், நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும், முந்தின நாள் சாயங்காலம் மலிவாகக் கிடைத்த சூரை என்று தெரிந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாத்திரையைத் தானாக நிறுத்தியிருந்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும் ஆபத்து. டிபி இருப்பவருக்கு மீனை நிறுத்துவதும் தப்பு. மலிவான புரதத்துக்கு எங்கள் மக்கள் வேறு எங்கே போவார்கள்? ஐஸில் இருந்த மீனைக் காலையில் வாங்குங்கள், அன்றே சமையுங்கள். சங்கரா, வவ்வால், கொடுவா கிடைத்தால் நல்லது. சூரைக் கருவாடு சிகிச்சை முடியும்வரை வேண்டாம். படபடப்போ மூச்சுத்திணறலோ வந்தால் ஆஸ்பத்திரியில் "டிபி மாத்திரை போடுறேன், மீன் சாப்பிட்டேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டிபி நோயாளி வீட்டிலிருந்தே மாத்திரை போட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் ஊர்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய டிபி ஆய்வு மையம், 1959-ல் வெளியிட்ட முடிவுகளில், சானடோரியத்தில் (டிபி நோயாளிகள் தங்கும் ஆஸ்பத்திரி) நல்ல சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கும், நெருக்கடியான வீடுகளில் எளிய சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மாத்திரை தவறாமல் உள்ளே போவதற்கு அவ்வளவு மதிப்பு.

ஆடி மாதத்தில் இன்னொரு கவலை. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கூடவே முருங்கைக்கீரை. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ போடுபவர்களுக்குக் கீரையின் வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும். இதைக் கேள்விப்பட்டுக் கீரையை அடியோடு விட்டுவிடுகிறார்கள். அப்போது மருந்தின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி கீரை சாப்பிடுபவர் என்றால் வருஷம் முழுக்க அதே அளவு சாப்பிடுங்கள். கோயில் பிரசாதம் ஒரு வாய் போதும். அந்த மாதம் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் பிடி ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இருமலுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளும் பெரியவர்களிடம் பிபி மாத்திரை போடுகிறார்களா என்று வீட்டில் கேளுங்கள். நாள்கணக்கில் தொடர்ந்தால் அது பிபியை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

இதற்கு நேர் எதிர், "பிபிக்கு நல்லது" என்று வாங்கிப்போகும் சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பலருக்கு அது உதவும். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிபி, இதய மாத்திரைகள் போடுபவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே தங்கும். சிறுநீரகமும் பழுதாகியிருந்தால், இந்த உப்போடு தினம் இளநீரும் சேரும்போது இதயத் துடிப்பே தடுமாறலாம். இந்த மாத்திரைகள் வீட்டில் இருந்தால், அந்த உப்புப் பாக்கெட்டை வாங்கும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் இரண்டையும் பார்த்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், மருந்துச் சீட்டோடு அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.