பார்க்கிங் இடம் பூங்காவாக வேண்டுமா? முதலில் ஒரு குழி தோண்டுங்கள்

ஊருக்கு நடுவில் இருக்கும் பார்க்கிங் இடத்தைப் பூங்காவாக மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது புல்தரையும் நீரூற்றும்தான். நிலத்தோற்ற வடிவமைப்பு வேலையில் இருக்கும் நான் அவர்களிடம் முதலில் கேட்பது, அங்கே ஒரு குழி தோண்ட அனுமதி.

கார் நிற்கும் தரையில் தாருக்குக் கீழே ஜல்லி, அதற்குக் கீழே கிராவல், அதற்கும் கீழே ரோலர் விட்டு அமுக்கிய மண். தரை அமிழக் கூடாது என்பதற்காகவே அப்படி இறுக்கியிருப்பார்கள். தாரைப் பெயர்த்துவிட்டுக் கடப்பாறையைப் போட்டால் ‘டங்’கென்று திரும்பி வரும். ஓரடி ஆழத்துக்கு எப்படியாவது தோண்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கும். தண்ணீரே இறங்காத மண்ணில் வேர் எப்படி இறங்கும்?

இந்த மண்ணின் மேல்தான் அரையடி செம்மண்ணைக் கொட்டி, புல் பதித்து, ஆளுயரக் கன்றுகளை நட்டுத் திறப்பு விழா நடத்துகிறார்கள். மழைக்காலம் முழுக்கப் பச்சையாக இருக்கும். அடுத்த கோடையில் புல் கருகிவிடும், மரம் வைத்த உயரத்திலேயே நிற்கும். பழி தோட்டக்காரர் தலையில் விழும். அவர் என்ன செய்வார், பாவம்.

நன்றாகக் கிளைத்து நிழல் தரும் மரத்துக்குச் சுமார் 1,000 கன அடி இளகிய மண் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 3 அடி ஆழம் என்றால், 18 அடிக்கு 18 அடி. அதாவது ஒரே மரத்துக்கு இரண்டரை கார் நிற்கும் இடம். மழைநீருக்கும் இளகிய மண் வேண்டும். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டர். தார்த் தரையில் அது ஏறக்குறைய முழுக்கச் சாக்கடைக்குப் போகிறது. இளகிய மண்ணில் பெரும்பகுதி அங்கேயே இறங்கும்.

சரி, அப்போது வண்டிகளை எங்கே விடுவது? இதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே போஸ்ட் ஆபீஸ் சதுக்கத்தில் 1950களில் கட்டிய 950 கார் கொள்ளும் நான்கு மாடி கான்கிரீட் பார்க்கிங் ஒன்று இருந்தது. அந்த ஊர்க் கட்டடத் தொழிலதிபர் நார்மன் லெவென்தால் முன்னின்று சுற்றுவட்டார நிறுவனங்களைத் திரட்டினார். 1988இல் அதை இடித்தார்கள். நிலத்துக்கு அடியில் ஏழு தளங்களில் 1,400 கார்களுக்கு இடம் கட்டி, மேலே 1.7 ஏக்கரில் பூங்கா அமைத்து 1992இல் திறந்தார்கள். ஹார்வர்டின் ஆர்னால்டு மரப்பூங்காவிலிருந்து இரவலாக வந்த மரங்களும் அங்கே உண்டு.

இதைப் பார்த்து எல்லா ஊரிலும் ஏழு தளம் தோண்டச் சொல்ல மாட்டேன். அதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. போதாததற்கு, கான்கிரீட் தளத்தின் மேல் மரம் வளர்க்க அத்தனை மண்ணையும் சுமந்து கொண்டுவந்து கொட்ட வேண்டும். நல்ல நிலம் கீழே இருக்கிற ஊர்களில் அதைத் தளர்த்தி, எரு சேர்த்து உயிர்ப்பிப்பதே மேல். ஆனால் பாஸ்டனின் இன்னொரு ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே கீழே நிற்கும் கார்களின் கட்டணம்தான் மேலே இருக்கும் செடிகளைப் பராமரிக்கிறது. திறப்பு விழாவோடு பணம் தீர்ந்துபோகும் நிலை அங்கே இல்லை.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால், வண்ணப் படத்தோடு குறுக்குவெட்டுப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். மரத்துக்குக் கீழே எத்தனை அடி மண் என்று அதில்தான் தெரியும். அப்புறம், மூன்றாம் ஆண்டில் தண்ணீர் விடும் ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்றும் கேளுங்கள். வரைபடமாக இருக்கும்போதே கேட்டால் மாற்றிவிடலாம். நடைபாதைக் கல் பதித்துவிட்டால் அதைப் பெயர்த்து மண்ணைத் தொட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.